ஐம்பத்தெட்டு பேர், ஐம்பத்தேழு கோப்புகள்

திலீப் கம்ப்யூட்டர் லேபின் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டான். ஆனால் உள்ளே வரவில்லை.

"என்னப்பா, உனக்குக்கூடவா பர்மிஷன் வேணும்?" என்றாள் அலர்மேல்மங்கை. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்ததால் அவன் முகத்தை அவள் சரியாகப் பார்க்கவில்லை. எட்டு நாளாகப் பள்ளிக்கூடமே கொண்டாடுகிற பையன் அவன். நாடு முழுக்க நடந்த கம்ப்யூட்டர் புரோகிராம் போட்டியில் மூன்று கணக்கையும் சரியாக எழுதி, சென்னையில் நடக்கப்போகும் பன்னிரண்டு நாள் முகாமுக்குத் தேர்வாகியிருந்தான். திருப்பதியிலிருந்து ஒரு பிள்ளை முகாமுக்குப் போவது இதுதான் முதல் தடவை.

"மேடம், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"திட்டக்கூடாது."

"விஷயத்தைச் சொல்லு மொதல்ல."

"அந்த மூணாவது கணக்கு... நான் அதைத் தொடவே இல்ல மேடம்."

காகிதம் பாதியில் கிழிந்து அவள் கையோடு வந்தது.

"தொடாம எப்படிடா மூணுக்கு மூணு?"

"அதான் தெரியல. எனக்கு ரெண்டாவது முடிக்கிறதுக்கே டைம் பத்தல. ரிசல்ட் வந்தன்னிக்கே சொல்லலாம்னு வந்தேன். அதுக்குள்ள பிரின்சிபல் சார் எனக்கு மாலை போட்டுட்டாரு. ஊர்ல எங்க நைனா பட்டாசு கொளுத்திட்டாரு. ஒரு வாரமா சோறு துன்ன முடியல மேடம். முகாம்ல போயி ஒக்கார வெச்சி இதை எப்படி எழுதினேன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவள் அவனை உள்ளே வரச் சொல்லி ஸ்டூலில் உட்காரவைத்தாள். அவன் காலை ஆட்டிக்கொண்டே இருந்தான். பொய் சொல்கிற பிள்ளை இப்படி வந்து நிற்காது. அப்படியானால் அந்த மூன்றாவது கணக்கு யாருடையது?

அந்தப் போட்டி சென்னையில் சில பேராசிரியர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. 1997-இல் முதல் கடிதம் வந்தபோது பிரின்சிபல் மேஜையில் மூன்று வாரம் கிடந்தது. யாருக்கும் வேண்டாத வேலை, கடைசியாகச் சேர்ந்தவளுக்கு வந்தது. அலர்மேல்மங்கை புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இயற்பியலில் பி.எஸ்சி. முடித்து, ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு லேபுக்கு வந்திருந்தாள். நாலு பேர் சேர்ந்து நின்றாலே பேச்சு தொண்டையில் நின்றுவிடும். கம்ப்யூட்டர் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம். அது முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

முதல் வருஷம் நாலு பிள்ளைகள், காகிதத்திலேயே எழுதினார்கள். அடுத்த வருஷம் ஒன்பது பேர். மூன்றாம் வருஷம் போட்டி ஃப்ளாப்பிக்கு மாறியது; இருபத்திரண்டு பேர். இந்த வருஷம் ஐம்பத்தெட்டு. காளஹஸ்தியில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்கிறவர்கள் கூடவே அமெரிக்கா விசாவையும் சொல்லிவிட்டு வருகிற காலம் அது. தெருவுக்கு ஒருவராவது ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் படித்துக்கொண்டிருந்தார். சந்திரகிரி, புத்தூர், நகரி என்று எங்கிருந்தெல்லாமோ பெற்றோர்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். புத்தூரில் எலும்புக்குக் கட்டுப்போட நிற்கிற கூட்டம் மாதிரி லேபுக்கு வெளியே வரிசை நின்றது. "எங்க பையனையும் அந்தப் போட்டியில போட்டுடும்மா" என்றார்கள், போட்டால் போதும் என்கிற மாதிரி. லேபில் இருந்த கம்ப்யூட்டர்கள் போதாமல் பக்கத்திலிருந்த இரண்டு கம்ப்யூட்டர் சென்டர்களிலும் பிள்ளைகளை உட்காரவைத்துப் போட்டியை நடத்தினாள். ஃப்ளாப்பிகளையும் அங்கேயே இரவல் வாங்கினாள்.

"திலீப், நீ உன் ஃப்ளாப்பியில கோப்புக்கு இன்னா பேரு வெச்ச?"

"நீங்க சொன்னமாதிரிதான் மேடம். ரிஜிஸ்டர்ல இருக்கிற பேரு. எட்டு எழுத்துக்கு மேல போடக்கூடாதுன்னு சொன்னீங்க."

ஆமாம், அவள்தான் சொன்னாள். அந்தப் பழைய கம்ப்யூட்டர்களில் ஒரு கோப்பின் பெயருக்கு எட்டு ஆங்கில எழுத்துதான் இடம். புரோகிராமுக்குள்ளே பெயர் எழுதக்கூடாது என்பது போட்டியின் விதி. திருத்துகிறவருக்கு யாருடையது என்று தெரியக்கூடாதாம். ஆகவே பிள்ளையை அடையாளம் காட்ட இருப்பது கோப்பின் பெயர் ஒன்றுதான்.

அலர்மேல்மங்கை கம்ப்யூட்டரைப் போட்டு, போட்டியன்று எல்லாக் கோப்புகளையும் சேர்த்துவைத்த இடத்தைத் திறந்தாள். பட்டியல் திரையில் ஓடி நின்றது. கடைசி வரியில் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரே சொன்னது.

ஐம்பத்தேழு.

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். ரிஜிஸ்டரை எடுத்து விரலால் எண்ணினாள். ஐம்பத்தெட்டு பேர்.

"மேடம், தண்ணி வேணுமா?" என்றான் திலீப்.

அவள் ரிஜிஸ்டரில் அவன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வரதய்யபாளையம் திலீப்." பக்கத்தைத் திருப்பி, கடைசிக்கு இரண்டு வரி மேலே பார்த்தாள். "வரதய்யபாளையம் தரணி."

ஆந்திராவில் பெயருக்கு முன்னால் வீட்டுப்பெயர் வரும். பள்ளியில் சேர்க்கும்போது கிளார்க் முதலில் கேட்பதே அதைத்தான். எல்லையோரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வீட்டுப்பெயர் கிடையாது. இல்லை என்று சொன்னால் கட்டம் காலியாக இருக்கும், காலியாக விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும் என்று கிளார்க் சொல்வார். "ஊர் எது?" என்று கேட்டு அதையே எழுதிவிடுவார். அலர்மேல்மங்கையே சான்றிதழில் "புத்தூர் அலர்மேல்மங்கை"தான். வரதய்யபாளையத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த திலீப்புக்கும் தரணிக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் ரிஜிஸ்டரில் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வரதய்யபாளையத்தை ஆங்கிலத்தில் எழுதினால் எட்டு எழுத்துக்குள் அந்த ஊரே முடியாது. அதற்குப் பின்னால் வரவேண்டிய திலீப்புக்கும் தரணிக்கும் எங்கே இடம்?

இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர்.

ஒரே இடத்தில் ஒரே பெயரில் இன்னொரு கோப்பு வந்தால், பழையதன் மேல் புதியது உட்கார்ந்துகொள்ளும். கையால் ஒவ்வொன்றாக நகல் எடுத்திருந்தால், மேலே எழுதட்டுமா என்று கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்டிருக்கும். இருபத்திரண்டு பேர் இருந்தபோது அவள் கையால்தான் செய்தாள். இந்தத் தடவை ஐம்பத்தெட்டு ஃப்ளாப்பி. வேலை சுலபமாகட்டும் என்று நாலு வரியில் ஒரு கட்டளைக் கோப்பு எழுதிவைத்துக்கொண்டாள். ஃப்ளாப்பியைப் போட்டு ஒரு விசையைத் தட்டினால் போதும். அந்த வழியில் போனால் கம்ப்யூட்டர் எதையும் கேட்காது. ரிஜிஸ்டரில் பையன்கள் முதலில், பெண்கள் பின்னால். ஃப்ளாப்பிகளையும் அதே வரிசையில்தான் போட்டாள். ஆக, திலீப்பின் வேலை அழிந்தது. தரணியுடையது மிஞ்சியது. சென்னையில் அந்தக் கோப்பின் பெயரை வைத்துக்கொண்டு பட்டியலில் தேடியிருப்பார்கள். மேலிருந்து வந்தால் முதலில் தட்டுப்படுகிற வரதய்யபாளையம், திலீப்.

"அது தரணியுது," என்றாள்.

"எது மேடம்?"

"மூணாவது கணக்கு. மூணுமே அவளுது."

திலீப் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். "அப்பாடா!" என்றான். பிறகு அப்படிச் சொல்லலாமா என்று யோசித்தவன் மாதிரி வாயை மூடிக்கொண்டான்.

அலர்மேல்மங்கைக்கு வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. ரிசல்ட் வந்த அன்று தரணியின் பெயருக்கு நேரே "கோப்பு வரவில்லை, பூஜ்யம்" என்று இருந்தது. தரணி இதே மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "நான் குடுத்தேனே மேடம்" என்றாள். அலர்மேல்மங்கை என்ன சொன்னாள்? "சேவ் பண்ணாம எழுந்து வந்திருப்ப. அவசரம். உனக்கு எப்பவும் அவசரம்." இருபது பேர் முன்னால் சொன்னாள். பேசவே தயங்குகிறவள், அன்றைக்கு மட்டும் நன்றாகப் பேசினாள். அடுத்த நாள் தரணி காய்ச்சல் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாள். இன்னும் திரும்பவில்லை.

அவள் சொன்னதையெல்லாம் பிரின்சிபல் ரமணா கேட்டுக்கொண்டே இருந்தார். தெலுங்குக்காரர், தமிழ் நன்றாகப் புரியும், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார்.

"தப்பு எவரிதிம்மா?"

"என்னுதுதான் சார்."

"அந்தப் பையன் போட்டோ பேப்பர்காரனுக்குக் குடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை வரும். இப்ப போயி இவன் இல்ல, அவள்னு சொன்னா? சிரிக்க மாட்டாங்களா? ரெண்டும் ஒரே ஊரு பசங்கதானே. அந்தப் பொண்ணு அடுத்த வருஷம் எழுதட்டுமே."

"அடுத்த வருஷம் அவ பன்னெண்டு முடிச்சிடுவா சார். எழுத முடியாது."

"சரி, அதுக்கு?"

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"திலீப் போக மாட்டேன்னு சொல்றான் சார்," என்றாள் கடைசியில். "போனாலும் ரெண்டு நாள்ல தெரிஞ்சிடும். அவன் அங்க நின்னு அழுவான்."

ரமணா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் போன் பண்ண மாட்டேன். நீ பண்ணு. பேசி முடிச்சிட்டு வந்து என்கிட்ட சொல்லு. அந்த பேப்பர்காரனை நான் பாத்துக்கறேன்."

போன் என்றாலே அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும். சொல்லவேண்டியதை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு, ரயில்வே கேட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். மூன்று தடவை எங்கேஜ்டு. நாலாவது தடவை ஒரு பெண் எடுத்தாள். அலர்மேல்மங்கை தாளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது வாக்கியத்தில் அந்தப் பெண் தமிழில் குறுக்கிட்டாள்.

"ஒரு நிமிஷம். நீங்க எதையாவது வாசிக்கறீங்களா?"

"ஆமாங்க."

"வாசிக்காதீங்க, சொல்லுங்க. என் பேரு கல்பனா. நான் இங்க ரிசர்ச் பண்ற ஸ்டூடண்ட். பயப்படற அளவுக்குப் பெரிய ஆள் இல்ல."

அலர்மேல்மங்கை சொன்னாள். வீட்டுப்பெயர், ஊர்ப்பெயர், எட்டு எழுத்து, கட்டளைக் கோப்பு, பையன்கள் முதலில், பெண்கள் பின்னால்.

"ஐயோ," என்றாள் கல்பனா. "நல்லவேளை இன்னிக்கே சொன்னீங்க. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு முகாம் லிஸ்ட் முடிவாகுது."

"தப்பு என்னுதுதாங்க."

"உங்களுது மட்டும் இல்ல. பட்டியல்ல ஒரே மாதிரி ரெண்டு பேரு இருக்கான்னு நாங்களும் பாக்கல. முதல் வருஷம் மொத்தமே முந்நூறு பேரு, எங்களுக்கு எல்லார் பேரும் மனப்பாடம். இப்ப ஆறாயிரம். திருத்தறது மூணே பேர். சரி, அதை விடுங்க. இந்தப் புரோகிராம் அந்தப் பொண்ணோடதுன்னு எப்படி உறுதிப்படுத்தறது? ஒரிஜினல் ஃப்ளாப்பி இருக்கா?"

"இரவல் வாங்கினது. அழிச்சுத் திருப்பிக் குடுத்துட்டோம்."

"அப்ப அந்தப் பொண்ணை நாளைக்கு போன்ல வரச்சொல்லுங்க. நான் திரையில அதைத் திறந்து வெச்சுக்கறேன். எழுதினவங்களுக்குத்தான் தெரியற மாதிரி ரெண்டு கேள்வி கேக்கறேன். அஞ்சு மணிக்கு முன்னாடி."

வரதய்யபாளையத்தில் தரணியின் வீட்டில் போன் கிடையாது. பக்கத்தில் யார் வீட்டில் இருக்கிறது என்று திலீப்புக்கும் தெரியவில்லை. "அவங்க வீடு அந்தக் கோடி மேடம். ஏரிக்கரை தாண்டி. செல்லியம்மா வூடுன்னு கேட்டா சொல்லுவாங்க," என்றான்.

மறுநாள் காலையில் அலர்மேல்மங்கை பஸ் ஏறினாள். காளஹஸ்தியில் இறங்கி மாறவேண்டும். அங்கே ஒரு மணி நேரம் பஸ் வரவில்லை. வந்தது வழியில் டயர் பஞ்சராகி நின்றது. கண்டக்டர் எல்லாரையும் இறக்கி மர நிழலில் நிறுத்திவிட்டு ஜாக்கி தேடினார். மணி பன்னிரண்டரை. ஐந்து மணிக்கு இன்னும் நாலரை மணி நேரம் என்று கணக்குப் போட்டாள். தரணி வீட்டில் இல்லாவிட்டால்? இருந்தும் வரமாட்டேன் என்று சொன்னால்? சொன்னால் நியாயம்தான். செய்யாத தப்பைச் செய்தாய் என்று இருபது பேர் முன்னால் சொன்னவள் இப்போது வந்து போனில் பேசு என்றால் எந்தப் பெண் வருவாள்?

வரதய்யபாளையத்தில் இறங்கியபோது மணி இரண்டே கால். செல்லியம்மா வீட்டைக் காட்டிய பெண், "பொண்ணு பாக்க வந்தியாம்மா?" என்று கேட்டாள். "டீச்சருங்க" என்றதும் முகம் மாறி, "அய்யய்யோ, பாப்பா இன்னா பண்ணிச்சு?" என்றாள்.

செல்லியம்மா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கணவர் சென்னையில் கட்டட வேலைக்குப் போய் மாதம் ஒரு தடவை வருகிறவர். டீச்சரைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"வா டீச்சரம்மா, குந்து. பாப்பாவுக்குக் காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்னான்னு கேட்டா வாயத் தொறக்கமாட்டேங்குது. நோட்டை வெச்சிக்கினு எழுதிக்கினே கீது. நான் படிக்காதவ, இன்னாத்தைக் கேக்கறது?"

தரணி உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நோட்டு. டீச்சரைப் பார்த்து எழுந்தாள். வணக்கம் சொல்லவில்லை.

பஸ்ஸில் வரும்போது அலர்மேல்மங்கை ஒரு பெரிய விளக்கம் யோசித்துவைத்திருந்தாள். அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"தரணி, உன் கோப்பு அங்க போயிருக்கு. மூணும் சரி. திலீப்புக்கு வந்த மார்க்கு உன்னுது. நான்தான் தப்புப் பண்ணேன். உன்னைத் திட்டினதும் தப்பு."

தரணி நோட்டை மூடினாள். பிறகு திறந்தாள்.

"மூணாவதும் சரியா?"

"மூணாவதும்."

"சேவ் பண்ணியிருந்தேனா?"

"பண்ணியிருந்த."

தரணி சுவரில் சாய்ந்தாள். "எட்டு நாளா எழுதி எழுதிப் பாத்துக்கினு இருந்தேன் மேடம். எங்க தப்புன்னு தெரியல. சேவ் பண்ணலைன்னு நீங்க சொன்னீங்க. பண்ண மாதிரி ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்ல? அப்ப நான் பண்ணதா நெனச்சிக்கினு இருக்கறது எல்லாமே இப்படித்தானோன்னு ஆயிடுச்சி."

பேச்சு வராமல் போகும்போது வழக்கமாக அலர்மேல்மங்கை தரையைப் பார்ப்பாள். இப்போது அவள் பார்வையை இறக்கவில்லை. "உன் ஞாபகம்தான் கரெக்ட்," என்றாள்.

செல்லியம்மாவுக்கு விஷயம் அரைகுறையாகத்தான் புரிந்தது. "அப்ப பாப்பா ஜெயிச்சிச்சா, தோத்துச்சா? அதை மொதல்ல சொல்லு டீச்சரம்மா."

"ஜெயிச்சிடுச்சும்மா. ஆனா அஞ்சு மணிக்குள்ள போன்ல பேசணும்."

"அப்ப இன்னும் இன்னாத்துக்கு நிக்கறீங்க? ஏ பாப்பா, அந்தப் பாவாடையை மாத்து!"

"போன்ல பாவாடை தெரியாதும்மா," என்றாள் தரணி. எட்டு நாளில் அவள் பேசிய முதல் கேலி அதுவாக இருக்கவேண்டும்; செல்லியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைத்தெருவில் பழனியின் பூத் ஒன்றுதான். மூன்று பேரும் நுழைந்தார்கள். கண்ணாடிக் கூண்டு ஒருவருக்கே இறுக்கம். செல்லியம்மா கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். வெளியூர் லைன் கிடைக்கவில்லை. பழனி ரிசீவரை வாங்கித் தட்டிப் பார்த்தான். "மழைக்கு அப்புறம் இப்படித்தான். டிரை பண்ணிக்கினே இருங்க." மூன்றரையிலிருந்து நாலே கால் வரை எண்ணைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அலர்மேல்மங்கையின் விரல் நுனி வலித்தது. செல்லியம்மா வெளியே நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "மெட்ராசுக்குப் பேசறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு மணி இருபதுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. கல்பனாவே எடுத்தாள்.

"வந்தாச்சா? நான் திரும்பத் திரும்பக் கடிகாரத்தைப் பாத்துட்டு இருந்தேன். குடுங்க."

அலர்மேல்மங்கை ரிசீவரைத் தரணியின் காதில் வைத்து, தன் காதையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

"தரணி, மூணாவது கணக்கு என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"மாமரம் மேடம். வரிசையா மரம். ஒவ்வொண்ணுலயும் இத்தினி பழம்னு குடுத்திருப்பாங்க. பக்கத்துப் பக்கத்து மரத்துல பறிக்கக்கூடாது. ரொம்பப் பழம் வர்றாப்போல எந்த மரத்துல பறிக்கணும்னு கண்டுபிடிக்கணும்."

"நிறைய பேர் முதல் மரத்துலேருந்து ஆரம்பிச்சிருக்காங்க. இது கடைசி மரத்துலேருந்து வருது. ஏன்?"

தரணி உதட்டைக் கடித்தாள்.

"முன்னாடியிருந்து வந்தா ஒவ்வொரு மரத்துக்கிட்டயும் நின்னு பறிக்கலாமா வேணாமான்னு யோசிக்கணும் மேடம். அடுத்து இன்னா வரும்னு தெரியாது. கடைசி மரத்துக்கு அடுத்து ஒண்ணும் இல்ல. அங்க யோசிக்கவே வேணாம். அதுக்கு முந்தின மரத்துக்கு, பின்னாடி இன்னா ஆவும்னு ஏற்கெனவே தெரியும். அப்படியே தெரிஞ்சத வெச்சிக்கினு திரும்பி வந்துடலாம்."

"சரி. நடுவுல தனியா ஒரு வரி இருக்கு. ஒரே ஒரு மரம் இருந்தா என்ன பண்றதுன்னு. அது எதுக்கு?"

"அய்யோ அதுவா," என்றாள் தரணி. குரலே மாறிவிட்டது. "அது இல்லாம ஒரு மரம் குடுத்தா எம்பதாயிரம் பழம்னு வந்துச்சி மேடம். ஒத்த மரத்துல எம்பதாயிரம்! எனக்கே சிரிப்பு வந்துடுச்சி. இல்லாத ரெண்டாவது மரத்துல போயி பறிக்குது. கடைசி அஞ்சு நிமிஷத்துல பாத்தேன். அதான் தனியா ஒரு வரி போட்டேன். அசிங்கமாதான் இருக்கும்."

கல்பனா சிரித்தாள். ரிசீவரில் அது இரைச்சலோடு கேட்டது.

"அசிங்கமா இருந்தா பரவால்ல. அந்த வரி இல்லாததால நூத்துக்கணக்கான பேருக்கு மார்க்கு போச்சு. தரணி, உன் பேரை நான் இப்பவே மாத்தறேன். திங்கக்கிழமை இங்க வரணும். மேடம்கிட்ட குடு."

அலர்மேல்மங்கை ரிசீவரை வாங்கினாள்.

"முடிஞ்சுதுங்க," என்றாள் கல்பனா. "அந்தப் பையனோடது அழிஞ்சு போச்சு, அது அவன் தப்பில்ல. ஞாயித்துக்கிழமை அவனோட மார்க்குக்காகப் புதுக் கணக்கு அனுப்பறேன், எழுதட்டும். அடுத்த வருஷத்துலேருந்து பேரே வேணாம், ஆளுக்கு ஒரு நம்பர் குடுத்துடலாம்னு சார்கிட்ட சொல்லிட்டேன். இன்னொண்ணு. முகாமுக்கு முப்பது பேரு வர்றாங்க. இதுவரைக்கும் அதுல ரெண்டே பொண்ணுங்க. இப்ப மூணு."

"ரொம்ப நன்றிங்க."

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. வெச்சிடட்டுமா?"

வைத்துவிட்டாள். அலர்மேல்மங்கை கூண்டுக்குள்ளேயே ஒரு நிமிஷம் நின்றாள். முதுகில் ஜாக்கெட் நனைந்து ஒட்டியிருந்தது. பசி தெரிந்தது. காலையில் ஒரு இட்லியோடு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெளியே செல்லியம்மா யாரோ ஒருவரிடம், "எம்பதாயிரம் பழமாம்! மெட்ராசுக்காரங்களே சிரிச்சிட்டாங்களாம்!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தாள். "துன்னாம போனா நான் வுடமாட்டேன். பஸ்ஸு ஆறு மணிக்குத்தான்."

அன்று இரவு சாப்பாட்டு மணி அடிக்கும் முன் அலர்மேல்மங்கையும் தரணியும் விடுதி வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார்கள். செல்லியம்மா கொடுத்த கடலைக்காய்ப் பை தரணியின் தோளில் தொங்கியது. பையன்கள் பக்கத்து கேட்டில் திலீப் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ.

"இன்னா ஆச்சு மேடம்?"

"அவதான் போறா."

"நான் போவ வேணாம்ல?"

"வேணாம். ஆனா ஞாயித்துக்கிழமை நீ புதுசா எழுதணும். உன்னுது அழிஞ்சதுக்கு."

"எழுதறேன் மேடம்." திலீப் தரணியைப் பார்த்தான். "ஏய், எங்க நைனா உனக்காக ரெண்டு டப்பா பட்டாசு கொளுத்தியிருக்காரு, தெரிஞ்சிக்கோ."

"யாரு கொளுத்தச் சொன்னாங்க?" என்றாள் தரணி. பையிலிருந்து ஒரு பிடி கடலைக்காயை எடுத்து நீட்டினாள். "அந்த மாமரக் கணக்கை நீ ஏன் தொடல?"

"கேள்வியே ஒரு பக்கம் இருந்துச்சி. படிக்கறதுக்குள்ள மணி அடிச்சிட்டாங்க."

"சுலபம்டா அது. கடைசி மரத்துலேருந்து வரணும்."

"கடைசியிலேருந்தா?"

தரணி பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினாள். கடலைக்காய்களை வரிசையாகத் தரையில் வைக்க ஆரம்பித்தாள். திலீப்பும் கேட்டின் அந்தப் பக்கம் குந்திக்கொண்டான். உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. போகச் சொல்ல வாயெடுத்த அலர்மேல்மங்கை, சொல்லாமல், அவர்கள் முடிக்கட்டும் என்று சுவரோரம் நின்றாள்.